வெயில் கூடினால் யூனிட் கூடுமா? – வாசகர் கேள்வி பதில்

குறுவைக்கு நாற்றங்கால் தயாராகும் இந்த நாள்களில் டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பகுதி சோலார் பேனல்களைப் பற்றியவை. அவற்றிலும் பாதிக்கு மேல் ஒரே கவலையை வெவ்வேறு சொற்களில் கேட்கின்றன: நம் ஊர் வெக்கையை இந்தப் பேனல்கள் எப்படித் தாங்கும்? ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மாடியில் மூன்று கிலோவாட் சோலார் அமைப்பு சென்ற ஆண்டிலிருந்து இயங்குகிறது. மார்ச் மாதத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்றரை யூனிட் வரை கொடுத்தது. கத்திரி வெயில் கொளுத்திய மே மாதத்திலோ பன்னிரண்டு யூனிட்டைத் தாண்டவில்லை. நண்பகலில்கூட இன்வெர்ட்டர் திரையில் 2,200 வாட்டுக்கு மேல் பார்க்க முடியவில்லை. வெயில் கூடினால் மின்சாரமும் கூடத்தானே வேண்டும்? பேனலில் பழுதா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: நீங்கள் தந்திருக்கும் எண்களைப் பார்த்தால் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை. 'வெயில்' என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதில் ஒளி, வெப்பம் என்ற இரண்டு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. பேனலுக்கு ஒளி உணவு, வெப்பம் சுமை. குளியலறைக்கு வெந்நீர் தரும் சோலார் ஹீட்டர் வெப்பத்தைச் சேமிக்கும் கருவி என்பதால் அது வெக்கையில் சிறக்கிறது. மின்சாரம் தரும் பேனல் அப்படிப்பட்டதன்று.

ஒரு பேனலின் முதுகில் 540 வாட் என்று அச்சிட்டிருந்தால், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழும்போது, உள்ளே ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கான் வில்லையான செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாக இருக்கையில் ஆய்வுக்கூடத்தில் அளந்த திறன் அது என்று பொருள். இங்கே 25 டிகிரி என்பது காற்றின் வெப்பநிலை அன்று, செல்லின் வெப்பநிலை என்பதைக் கவனியுங்கள். காவிரிப் படுகையில் மார்கழி விடியலில் காற்றே அந்த அளவுக்குக் கீழே இறங்கும். ஆனால் அப்போது பேனலில் சொல்லத்தக்க ஒளி இருக்காது. ஒளி நன்றாக விழும் நேரத்தில் 25 டிகிரியில் இருக்கும் செல்லை நம் ஊரில் எந்த மாதத்திலும் காண முடியாது.

பேனலோடு வரும் விவரத் தாளில் 'இயல்பான இயக்க வெப்பநிலை' என்று இன்னோர் எண் இருக்கும். பெரும்பாலும் அது 45 டிகிரியை ஒட்டியிருக்கும். காற்று 20 டிகிரியாகவும், ஒளி சதுர மீட்டருக்கு 800 வாட்டாகவும், மெல்லிய காற்றோட்டமும் இருக்கும்போது செல் எட்டும் சூடு அது. அதாவது 800 வாட் ஒளிக்குக் காற்றைவிட 25 டிகிரி கூடுதல். இந்த விகிதத்தைக் கொண்டு உங்கள் மாடியைக் கணக்கிடுவோம். மே மாத நண்பகலில் காற்று 38 டிகிரி, ஒளி 900 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒளியால் ஏறும் சூடு சுமார் 28 டிகிரி; ஆக செல்லின் வெப்பநிலை 66 டிகிரி. ஆய்வுக்கூட அளவைவிட 41 டிகிரி அதிகம். இப்போது பரவலாக விற்கும் மோனோ பெர்க் வகைப் பேனல் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் திறனில் ஏறத்தாழ 0.35 விழுக்காட்டை இழக்கும் என்பதால், மொத்த இழப்பு 14 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மூவாயிரம் வாட் பேனலுக்கு 900 வாட் ஒளியில் 2,700 வாட் கிடைக்க வேண்டும். வெப்ப இழப்பைக் கழித்தால் 2,310 வாட். இன்வெர்ட்டரிலும் கம்பியிலும் தூசியிலும் போவதைக் கழித்தால் உங்கள் திரையில் தெரியும் 2,200 வாட்தான் மிஞ்சுகிறது. உங்கள் பேனல்கள் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்கின்றன.

சூடு ஏன் திறனைக் குறைக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. சிலிக்கானில் ஒளி படும்போது எலக்ட்ரான் ஒன்று கட்டிலிருந்து விடுபட, அது இருந்த இடம் 'துளை'யாகிறது. இவ்விரண்டையும் பிரித்து எதிரெதிர்ப் பக்கம் செலுத்துவதில்தான் மின்சாரம் பிறக்கிறது. சிலிக்கான் சூடாகும்போது, எலக்ட்ரான் விடுபடத் தேவையான ஆற்றல் இடைவெளி சிறிது சுருங்குகிறது. ஒளியின் உதவியின்றி வெப்பத்தாலேயே விடுபடும் எலக்ட்ரான்கள் பன்மடங்கு பெருகுகின்றன. இதனால், வெளிச்சுற்றுக்குப் போக வேண்டிய எலக்ட்ரான்கள் உள்ளேயே துளைகளோடு மீண்டும் இணைந்து வீணாவது கூடுகிறது. விளைவாக ஒரு செல்லின் மின்னழுத்தம் டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மில்லிவோல்ட் இறங்கும். ஒரு பேனலில் 72 செல்கள் தொடராக இருந்தால், 41 டிகிரி ஏற்றத்துக்கு ஆறு வோல்ட் அளவுக்குப் போய்விடும். மின்னோட்டம் மிகச் சிறிய அளவில் கூடும் என்றாலும் அது இந்த இழப்பை ஈடுகட்டாது. அணையில் நீர்மட்டம் இறங்கினால், மதகை முழுக்கத் திறந்து வைத்திருந்தாலும் தண்ணீரின் வேகம் தளர்வதைப் போன்றது இது.

ஆனால் உங்கள் கேள்வியில் இன்னொரு பகுதி இருக்கிறது. அதற்கு வெப்பத்தை மட்டும் பொறுப்பாக்கினால் தவறான விடையாகிவிடும். மார்ச்சில் காற்று 35 டிகிரி, மேயில் 38 டிகிரி என்றால், மூன்று டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு விழுக்காடுதான் குறைய வேண்டும். உங்களுக்குக் குறைந்திருப்பதோ பதினொரு விழுக்காடு. மீதிக்குப் பெரிய காரணம் சூரியன் நிற்கும் இடம். கும்பகோணம் ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. பேனலைத் தெற்கு நோக்கி அதே அளவு சாய்த்துப் பொருத்தியிருப்பார்கள். மார்ச் மூன்றாம் வாரத்தில் நண்பகல் ஒளி அதன்மேல் நேர்செங்குத்தாக விழும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வந்து நிழலில்லா நாளைத் தந்துவிட்டு, அதன்பின் வடக்கே போய்விடுகிறது. மே நடுப்பகுதியில், தெற்கு நோக்கிய உங்கள் பேனலின் மீது நண்பகல் ஒளி சுமார் 19 டிகிரி சரிந்தே விழுகிறது. அந்த ஒரு காரணத்தால் மட்டுமே உச்சி வேளையில் ஐந்து விழுக்காடு வரை போகும். கோடையில் வானத்தில் தங்கும் மங்கல், பிற்பகலில் திரளும் மேகம், மழையில்லாத நாள்களில் படியும் புழுதி ஆகியவை எஞ்சியதை எடுத்துக்கொள்கின்றன. வெப்ப இழப்பு என்பது மே மாதத்துக்கு மட்டும் உரியதன்று. மார்ச்சிலும் பதின்மூன்று விழுக்காடு போய்க்கொண்டுதான் இருந்தது. ஒளி நிறைவாக இருந்ததால் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

கேள்வி: பாலி, மோனோ பெர்க், டாப்கான், ஹெட்டிரோஜங்ஷன் என்று ஒவ்வொரு விற்பனையாளரும் ஒரு பெயரைச் சொல்கிறார். நம் பகுதி வெப்பத்துக்கு எது ஏற்றது? கூடுதல் விலை கொடுத்து வாங்கலாமா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: பெயரை விட்டுவிட்டு, விவரத் தாளில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள். 'உச்சத் திறனின் வெப்பநிலைக் குணகம்' என்று அந்த வரி இருக்கும். டிகிரிக்கு இத்தனை விழுக்காடு என்று கழித்தல் குறியோடு ஓர் எண் தரப்பட்டிருக்கும். கழித்தல் குறியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், எண் சிறியதாக இருக்கும் அளவுக்குப் பேனல் சூட்டைத் தாங்கும்.

நீல நிறத்தில் பளிச்சென்று தெரியும் பழைய பாலி வகைக்கு இந்த எண் 0.40 முதல் 0.45 வரை இருக்கும். மோனோ பெர்க் 0.34 முதல் 0.37 வரை. டாப்கான் 0.30 ஐ ஒட்டி. ஹெட்டிரோஜங்ஷன் 0.24 முதல் 0.26 வரை. இந்த வரிசைக்குக் காரணம், மேலே சொன்ன வீண் இணைவைத் தடுக்க ஒவ்வொரு வகையிலும் எடுத்துக்கொண்ட அக்கறைதான். டாப்கானில் செல்லின் பின்புறம் மிக மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்று இருக்கிறது. ஹெட்டிரோஜங்ஷனில் படிகச் சிலிக்கானின் இருபுறமும் படிகமல்லாத சிலிக்கானைப் போர்வைபோல் படியவைக்கிறார்கள். எலக்ட்ரான்கள் மேற்பரப்பில் வீணாவது குறைந்து செல்லின் மின்னழுத்தம் உயரும்போது, சூட்டினால் அது சரியும் விகிதமும் தணிகிறது. சிலிக்கானே இல்லாத காட்மியம் டெல்லூரைடு என்ற மென்படல வகையும் உண்டு. அதன் எண்ணும் 0.30 ஐ ஒட்டியதே. 2024 ஜனவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் அதற்கென்று ஒரு பெரிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆயினும் அது முக்கியமாகப் பெரிய சூரிய மின்நிலையங்களுக்குப் போகும் பொருள். வீட்டு மாடிக்காக நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை.

செல் 66 டிகிரியில் இருக்கும் அந்த மே மாத நண்பகலுக்கு இந்த எண்களைப் பொருத்தினால், பாலி 16 விழுக்காட்டுக்கு மேல் இழக்கிறது. பெர்க் 14, டாப்கான் 12, ஹெட்டிரோஜங்ஷன் 10 என்று இறங்குகிறது. விற்பனையாளர்கள் காட்டும் கணக்கு இந்த உச்சி வேளைக் கணக்குதான். அதில் பொய் இல்லை. ஆனால் நீங்கள் பணம் கொடுப்பது ஆண்டு முழுவதுக்கும். காலையிலும் மாலையிலும் மழைக்காலத்திலும் செல் அவ்வளவு சூடாவதில்லை. மின்சாரம் உண்டாகும் நேரங்களை வைத்துச் சராசரி பார்த்தால் நம் பகுதியில் செல்லின் வெப்பநிலை 50 டிகிரிக்குச் சற்று மேலே, அதாவது ஆய்வுக்கூட அளவைவிட 27 டிகிரி போலக் கூடுதலாக இருக்கும் என்று கொள்ளலாம். மூன்று கிலோவாட் அமைப்பு ஆண்டுக்கு 4,300 யூனிட் தருகிறது என்றால், பெர்க்கைவிட டாப்கான் வெப்பத் தாங்குதலால் மட்டும் கூடுதலாகத் தருவது 60 யூனிட்டை ஒட்டி. ஹெட்டிரோஜங்ஷன் தருவது 120 யூனிட்டை ஒட்டி. உங்கள் மின்கட்டணப் பட்டியலில் கடைசிப் படியில் யூனிட்டுக்கு என்ன விலை கொடுக்கிறீர்களோ அதனால் பெருக்கி, கேட்கப்படும் கூடுதல் விலையை அந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். பத்து ஆண்டுகளுக்குள் திரும்பி வந்தால் வாங்கலாம். இருபது ஆண்டுகள் ஆகும் என்றால், அந்தப் பணத்தை நல்ல இரும்புச் சட்டத்தில் போடுவதே என் பரிந்துரை. ஏன் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. 540 வாட் மோனோ பெர்க், 540 வாட் டாப்கான் இரண்டும் 25 டிகிரியில் அதே 540 வாட்தான் தரும். 'திறன் விழுக்காடு அதிகம்' என்பதற்கு, அதே வாட்டுக்குக் குறைந்த இடம் போதும் என்று மட்டுமே பொருள். மாடியில் தண்ணீர்த் தொட்டியும் துணி உலர்த்தும் இடமும் போக மிச்சம் குறைவாக உள்ளவர்களுக்கு அது பயன்படும். தாராளமான மாடி உள்ளவர்கள் அதற்காகத் தனி விலை கொடுக்க வேண்டாம். பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் பெற விரும்பினால், செல்லும் பேனலும் இந்தியாவிலேயே தயாரானவையாக இருக்க வேண்டும் என்பதால், கடையில் பார்க்கும் எல்லா வகையும் உங்களுக்குக் கிடைக்காது. விலைப்புள்ளி வாங்கும்போதே இதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரை மீது பேனல்களை அப்படியே படுக்கவைத்துத் திருகிவிட்டால் செலவு மிச்சம் என்கிறார் பொருத்துபவர். செய்யலாமா?
– திருவாரூர் வாசகர்

பதில்: வேண்டாம். பேனல் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. அந்த வெப்பம் முன்புறக் கண்ணாடி வழியாகப் பாதியும் பின்புறம் வழியாகப் பாதியும் வெளியேற வேண்டும். பின்புறத்தைத் தகரத்தோடு ஒட்டி அடைத்துவிட்டால், வெளியேறும் வாசல்களில் ஒன்றை மூடிவிட்டீர்கள் என்று பொருள். தகரமும் தானாகக் காய்ந்து கொதிக்கும் பொருள். நான்கு புறமும் காற்று உலவும் சட்டத்தில் நிற்கும் பேனலைவிட, கூரையோடு ஒட்டிய பேனல் பத்து டிகிரிக்கு மேலேயே சூடாக ஓடும். பெர்க் வகையில் பத்து டிகிரி என்றால் மூன்றரை விழுக்காடு. பெர்க்கிலிருந்து ஹெட்டிரோஜங்ஷனுக்கு மாறினால் ஆண்டுக் கணக்கில் கிடைக்கும் இலாபம் மூன்று விழுக்காட்டை ஒட்டியது என்று மன்னார்குடி வாசகருக்குச் சொன்னதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். விலையுயர்ந்த செல் தருவதைத் தவறாகப் பொருத்திய சட்டம் பறித்துவிடுகிறது. இந்தப் பக்கத்தில் நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதுதான்: டெல்டாவில் பேனலின் வகையைவிடப் பேனலுக்கு அடியில் ஓடும் காற்றுக்கு மதிப்பு அதிகம்.

ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி, எப்படியும் 15 சென்டிமீட்டருக்குக் குறையாத சந்து, கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும் திறந்திருக்கும்படி விடச் சொல்லுங்கள். சூடான காற்று மேல்விளிம்பு வழியாகத் தானே ஏறிப் போகும். கீழிருந்து புதுக்காற்று நுழையும். மேல்விளிம்பை அழகுக்காகத் தகடு வைத்து மூடுவதைச் சில இடங்களில் பார்க்கிறேன், அதைச் செய்யாதீர்கள். காங்கிரீட் மாடியில் ஆறடி, எட்டடி உயரத்தில் சட்டம் போட்டால் காற்றோட்டம் இன்னும் சிறக்கும். அடியில் நெல் காயவைக்கவும் கட்டில் போடவும் இடம் கிடைக்கும்.

ஆனால் காற்றுக்கு இடம் கொடுக்கும் சந்து புயலுக்கும் இடம் கொடுக்கும் என்பதை இந்தப் பகுதியில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், வேரூன்றி நின்ற தென்னைகளையே இலட்சக்கணக்கில் சாய்த்தது. உயரத்தில் நிற்கும் பேனல் விரித்துப் பிடித்த பாய்போல் அடியிலிருந்து தூக்கப்படும். ஆகவே உயரச் சட்டம் போடுபவர்கள் தூண்களைத் தளத்தின் மேற்பூச்சில் திருகி நிறுத்தாமல், உத்திரத்தின் மேலோ கனமான காங்கிரீட் அடிப்பீடத்திலோ நங்கூரமிடச் செய்ய வேண்டும். எந்தக் காற்றுவேகத்துக்குக் கணக்கிட்டார்கள் என்பதை எழுதிக் கேட்டு வாங்குங்கள். மாட்டுக் கொட்டகைக்கு உயரச் சட்டம் ஒவ்வாது. கூரையைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளோடு பிணைத்த சிறு கால்களில், ஒரு சாண் உயரத்தில் நிறுத்துவதே அங்கே தக்க வழி.

கேள்வி: நண்பகலில் பேனல் மீது மோட்டார் போட்டுத் தண்ணீர் பீய்ச்சினால் உற்பத்தி கூடுகிறது. தினமும் செய்யலாமா?
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: கூடுவது உண்மை, தினமும் செய்வது தவறு. அறுபது டிகிரிக்கு மேல் காய்ந்திருக்கும் கண்ணாடியில் திடீரென்று குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழக்கூடும். ஆழ்குழாய் நீரில் உள்ள உப்பு, நீர் ஆவியானதும் கண்ணாடியில் வெண்மையாகப் படிந்து ஒளியை நிரந்தரமாக மறைக்கும். மோட்டார் தின்னும் மின்சாரத்தையும் கணக்கில் சேருங்கள். விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது, உப்பில்லாத நீரால் கழுவி மென்மையான துடைப்பானால் துடையுங்கள். தை, மாசியில் அறுவடை இயந்திரம் ஓடும் நாள்களில் வைக்கோல் தூசி படியும். அப்போது வாரம் ஒருமுறை தேவைப்படும்.

கேள்வி: கடற்காற்று வீசும் ஊர் என்பதால் எங்கள் பேனல்கள் குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்பலாமா?
– வேதாரண்யம் வாசகர்

பதில்: நம்பலாம். கோடைப் பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும், திருச்சிப் பக்கம் உள்ள பேனலைவிட உங்கள் பேனல் பல டிகிரி குறைவான சூட்டில் ஓடும். காற்றின் வெப்பநிலை குறைவது ஒரு காரணம். காற்றின் வேகம் பேனலின் சூட்டை அள்ளிக்கொண்டு போவது அதைவிடப் பெரிய காரணம். ஆனால் அதே காற்று உப்பையும் ஈரத்தையும் கொண்டுவருகிறது. உங்கள் ஊரில் வெப்பம் பேனலைத் தாக்கும் விதமே வேறு.

இதுவரை சொன்னது வெப்பத்தின் அன்றாட விளைவு. பேனல் குளிர்ந்ததும் திறன் திரும்பிவிடும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் திரும்பாத சேதம் உண்டாகும். செல்லைக் கண்ணாடியோடு ஒட்டவைக்கும் பசைப்படலம் பழுப்பேறும். விளிம்பு வழியாக ஈரம் நுழைந்து செல்லின் மெல்லிய உலோகக் கோடுகளை அரிக்கும். கண்ணாடியில் படிந்த உப்பு இரவுப் பனியில் கரைந்து மின்சாரம் கசியும் படலமாகி, உயர் மின்னழுத்தத்தில் ஓடும் பேனலின் திறனை மெல்ல உறிஞ்சும். இதற்காகவே ஒவ்வொரு பேனல் மாதிரியையும் 85 டிகிரி வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் ஆயிரம் மணி நேரம் அடைத்துவைத்துச் சோதிக்கும் முறை இருக்கிறது. கடலோரத்துக்கு உப்பு மூடுபனிச் சோதனை என்று தனியாக ஒன்று உண்டு. அதன் தர எண் ஐ.இ.சி. 61701. சான்றிதழில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

சூட்டை நன்றாகத் தாங்கும் டாப்கானும் ஹெட்டிரோஜங்ஷனும் ஈரம் உள்ளே புகுந்தால் எளிதில் கெடக்கூடியவை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆகையால் கடலோரத்தில் அவற்றை வாங்குபவர்கள் முன்னும் பின்னும் கண்ணாடி உள்ள வகையையே வாங்குங்கள். போல்ட்டு, நட்டு துருப்பிடிக்காத எஃகில் 316 தரமாக இருக்கட்டும். அலுமினியச் சட்டமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் இடையே ரப்பர் தகடு வைக்கச் சொல்லுங்கள்; உப்புக்காற்றில் இரு உலோகங்கள் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும்.

கேள்வி: பிற்பகலில் இரண்டு தென்னை மட்டைகளின் நிழல் மட்டும் பேனலில் விழுகிறது. சிறு நிழல்தானே என்று விட்டுவிடலாமா?
– பேராவூரணி வாசகர்

பதில்: விட்டுவிடாதீர்கள். செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், நிழல் விழுந்த செல் மின்சாரம் தருவதை நிறுத்துவதோடு, மற்ற செல்கள் தரும் மின்சாரத்தைத் தன்னுள் எரித்து வெப்பமாக்கத் தொடங்கும். அந்த ஓரிடம் மட்டும் நூறு டிகிரியைத் தாண்டலாம். பேனலின் பின்புறப் பெட்டியில் உள்ள டையோடுகள் இதைத் தடுக்கவே வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் நாள்தோறும் ஒரே இடத்தில் நிழல் விழுந்தால் அவையும் நாளடைவில் தளர்ந்துபோகும். மட்டையைக் கழிக்க முடியாவிட்டால் பேனலை இடம் மாற்றுங்கள். பறவை எச்சம் ஒரே இடத்தில் தடித்துக் காய்ந்தாலும் இதே கதிதான்.

கேள்வி: ஐந்து குதிரைத்திறன் சோலார் பம்புசெட் வைத்திருக்கிறேன். குறுவைக்கு இறைக்கும்போது பதினொரு மணிக்கு வரும் தண்ணீர் ஒரு மணிக்கு வருவதில்லை. பேனல் சூடாவதால்தானா?
– பாபநாசம் விவசாயி

பதில்: ஒரு பங்கு அதனால். ஐந்து குதிரைத்திறன் பம்புக்கு வழக்கமாக 4,800 வாட் பேனல் தருகிறார்கள். பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையே ஒளி ஏறத்தாழ சமமாகவே இருக்க, காற்று சில டிகிரி ஏறுவதால் திறனில் ஒன்று இரண்டு விழுக்காடு குறையும். பம்பு தண்ணீரைக் குறிப்பிட்ட ஆழத்திலிருந்து மேலே தூக்குவதற்கே தன் வேகத்தில் பெரும்பகுதியைச் செலவிடுகிறது. அதற்கு மேல் மிஞ்சும் வேகம்தான் தண்ணீராக வெளியே கொட்டுகிறது. எனவே திறன் சற்றுக் குறைந்தாலும் தண்ணீர் அதைவிடக் கூடுதலாகக் குறையும்.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைகிறது என்றால் வேறு இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது ஆழ்குழாய்: இரண்டு மணி நேரம் இறைத்ததும் உள்ளே நீர்மட்டம் தாழ்ந்து, தூக்க வேண்டிய ஆழம் கூடியிருக்கும். மேட்டூர் நீர் வாய்க்காலுக்கு வந்து சில வாரங்களில் நிலத்தடி மட்டம் ஏறும்போது இந்தக் குறை தானே தணிந்தால், காரணம் இதுதான் என்று உறுதிசெய்துகொள்ளலாம். இரண்டாவது கட்டுப்பாட்டுப் பெட்டி. அது வெயிலில் நின்றால் உள்ளே உள்ள மின்னணுப் பாகங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் திறனைத் தாமே குறைத்துவிடும். அதைப் பேனலின் நிழலுக்குள் மாற்றச் சொல்லுங்கள்; காசில்லாமல் கிடைக்கும் தீர்வு இது. வயலில் நிற்கும் உங்கள் பேனலுக்கு ஓர் அனுகூலம் உண்டு: சுற்றிலும் ஈர மண்ணும் பச்சையும் இருப்பதால், மொட்டைமாடிப் பேனலைவிடக் குளிர்ச்சியாகவே ஓடும். சட்டத்துக்கு அடியில் கீரையோ கொத்தமல்லியோ போட்டால், இலைகள் விடும் ஈரம் பேனலுக்கும் நல்லது, வீட்டுக்கும் உதவும்.

கேள்வி: இன்வெர்ட்டரை மாடியிலேயே பேனலுக்குப் பக்கத்தில் மாட்டலாமா?
– மயிலாடுதுறை வாசகர்

பதில்: நேர்வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. சுற்றுக் காற்று 45 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் தம் திறனைக் குறைத்துக்கொள்ளும். வெயில் படும் பெட்டி அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். மாடிப்படிக்கட்டு அறையில், நான்கு புறமும் ஒரு முழம் இடம் விட்டு மாட்டுங்கள். மேற்குச் சுவரைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: 2014 இல் போட்ட ஒரு கிலோவாட் பாலி பேனல்கள் இன்னும் ஓடுகின்றன. வெப்பத்தில் பாலி அதிகம் இழக்கும் என்பதால் கழற்றிவிட்டுப் புதிய வகையை மாட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: அந்தக் காரணத்துக்காகக் கழற்ற வேண்டாம். பாலிக்கும் டாப்கானுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் ஒரு கிலோவாட்டில் ஆண்டுக்கு நாற்பது ஐம்பது யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பேனலைத் தூக்கியெறிந்து ஈடுசெய்யக்கூடிய தொகை அன்று அது. பொதுவாகப் பேனல்களுக்கு இருபத்தைந்தாம் ஆண்டில் எண்பது விழுக்காடு திறன் எஞ்சும் என்ற அளவில் உத்தரவாதம் தருகிறார்கள். உங்களுடையவை இன்னும் பாதி வழியில்தான் இருக்கின்றன. தெளிந்த வானமுள்ள ஒரு நாளில் காலை பத்து மணிக்கு உற்பத்தியைக் குறித்துவைத்து, அடுத்த ஆண்டு அதே வாரத்தில் மீண்டும் பாருங்கள். திடீர் வீழ்ச்சி தெரிந்தாலோ, பின்புறத் தாளில் வெடிப்போ, செல்லில் கருகிய புள்ளியோ கண்டாலோ அந்தப் பேனலை மட்டும் மாற்றுங்கள்.

கூடுதல் மின்சாரம் வேண்டுமென்றால் புதியவற்றைப் பக்கத்தில் சேர்க்கலாம். ஆனால் பழைய பாலியையும் புதிய டாப்கானையும் ஒரே தொடரில் கோக்கக் கூடாது. புதிய பேனலும் பழையதன் மின்னோட்டத்துக்குக் கட்டுப்பட்டு இறங்கிவிடும். இன்வெர்ட்டரில் தனித்தனி உள்ளீடுகள் இரண்டு இருந்தால் ஒன்றில் பழையதையும் மற்றதில் புதியதையும் இணைக்கச் சொல்லுங்கள். ஒரே உள்ளீடுதான் என்றால் புதியவற்றுக்குத் தனி இன்வெர்ட்டர் தேவைப்படும். கூடுதல் திறனுக்கு மின்வாரியத்தில் மறுபடி விண்ணப்பிக்கவும் வேண்டியிருக்கும்.